தமிழ்நாட்டு அனுபவம்

மாரியப்பன் வேலை பார்த்த ஸ்பின்னிங் மில்லை மூடிய அதே மாதத்தில் அவன் மனைவி சத்யப்ரியாவுக்குப் பதவி உயர்வு வந்தது. அவள் வங்கியில் அதிகாரி. அந்த வங்கியில் பதவி உயர்வு தனியாக வராது, ஊர் மாற்றத்தையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் வரும். கொல்கத்தா என்று போட்டிருந்தார்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் பதினாறு வருடம் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருந்தவன் நான்கு பெட்டிகளையும் ஒரு கிரைண்டரையும் கட்டிக்கொண்டு மனைவியோடு ரயிலேறினான். அப்போது அவனுக்கு நாற்பத்தொரு வயது. பிள்ளைகள் இல்லாததால் முடிவெடுப்பது சுலபமாக இருந்தது. முடிவெடுக்க வேறு வழி இல்லாததால் இன்னும் சுலபமாக இருந்தது.

டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் வீடு கிடைத்தது. காலையில் சத்யப்ரியா வங்கிக்குக் கிளம்பிய பிறகு அவன் மீன் வாங்கி வருவான், சமைப்பான், பிறகு உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவான். எட்டு மாதத்தில் அறுபது விண்ணப்பம் போயிருக்கும். ஒரே ஒரு கம்பெனியிலிருந்துதான் பதில் வந்தது. அதை எழுதியவர் நல்ல மனிதர். 'இந்தத் துறையில் இவ்வளவு அனுபவம் உள்ள நீங்கள் தமிழ்நாட்டில் முயற்சி செய்யலாமே' என்று அக்கறையோடு எழுதியிருந்தார்.

வேலைதான் கிடைக்கவில்லையே தவிர மரியாதைக்குக் குறைவில்லை. தமிழ்நாடு என்று சொன்னதும் அக்கம்பக்கத்தில் எல்லோர் முகமும் மலர்ந்தது. பாதிப் பேர் வைத்தியத்துக்கு வேலூர் போய் வந்தவர்கள். எதிர் ஃபிளாட் அம்மாவின் மகன் சென்னையில் கார் கம்பெனியில் இருந்தான். கீழ்வீட்டுக்காரரின் மருமகன் ஓசூரில் இருந்தான். காய்கறிக்காரரின் தம்பிகள் இரண்டு பேர் கோயமுத்தூரில் ஹோட்டலில் இருந்தார்கள். "உங்க ஊர்ல வேலைக்குப் பஞ்சமே இல்லையாமே, தாதா" என்று, அண்ணனைக் கூப்பிடும் வங்காளிச் சொல்லைச் சேர்த்து அவர் சொல்லும்போது, வேலையில்லாத மாரியப்பன் கத்தரிக்காயைப் பொறுக்கியபடி தலையை ஆட்டுவான்.

கீழ்வீட்டுக்காரர் பெயர் திபங்கர் லாஹிரி. கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை கிளப்பில் முப்பது பேரைக் கூட்டி, மாநிலம் எப்படி முன்னேறும் என்று பேசவைப்பார். பதினேழு வருடமாக இது நடந்து வந்தது. ஒருநாள் மாடிப்படியில் அவர் மாரியப்பனை நிறுத்தினார்.

"அடுத்த கூட்டத்துக்கு நீங்கதான் பேச்சாளர். தலைப்பு, தமிழ்நாட்டின் வளர்ச்சி ரகசியம்."

"ஸார், நான் மில்லுல ஃபிட்டரா இருந்து ஃபோர்மேன் ஆனவன். அந்த மில்லையும் மூடிட்டாங்க."

லாஹிரி அவன் தோளைத் தட்டினார். "இந்த அடக்கம்தான் எங்ககிட்ட இல்லாதது."

அன்று மாலை சத்யப்ரியாவிடம் அவன் இதைச் சொன்னபோது அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள்.

"போய்ப் பேசுங்க. எட்டு மாசமா நம்ம ஊர்க் கதைய எங்கிட்டயே சொல்லிட்டு இருக்கீக. அவுகளாவது டீயும், சிங்காடான்னு இந்த ஊரு சமோசாவும் தருவாக."

"எனக்கு என்ன தெரியும்னு பேச?"

"அவுகளுக்கு உங்கள விடக் கம்மியாத்தான தெரியும்? பெறகென்ன?"

அவன் போனான். ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். பக்கத்து ஊர்களுக்கெல்லாம் மில் பஸ் போய்ப் பெண்களை ஏற்றிவந்த கதையைச் சொன்னான். சொந்த ஊர் பாலிடெக்னிக்கில் படித்ததைச் சொன்னான். மெஷினில் ஒரு பாகம் உடைந்தால் கோயமுத்தூருக்குப் போன் செய்தால் போதும், மறுநாள் காலை பஸ்ஸில் பார்சலாக வந்து இறங்கிவிடும் என்றான். ஒரு பெரியவர் எழுந்து, எல்லாவற்றுக்கும் மூலகாரணம் என்று ஒன்றைச் சொல்ல முடியுமா என்று கேட்டார். மாரியப்பன் யோசித்துவிட்டு, "பஸ்" என்றான். முப்பது பேரும் குறித்துக்கொண்டார்கள்.

கடைசியில் மனச்சாட்சி உறுத்தியது. "இவ்வளவும் இருந்து எங்க மில்லை மூடிட்டாங்க. எட்டு மாசமா நானே வேலை தேடிக்கிட்டு இருக்கேன்" என்றான்.

கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "தன்னையே கேலி செய்துகொள்ளும் சமூகம்தான் வளரும்" என்று லாஹிரி நன்றியுரையில் சொன்னார்.

கூட்டம் முடிந்து சிங்காடா சாப்பிடும்போது நீலச் சட்டை போட்ட ஒருவன் வந்து அட்டையை நீட்டினான். பெயர் சுஜித் பக்சி. அலிப்பூரில் சின்னதாக ஓர் ஆலோசனை நிறுவனம் நடத்தினான். தனியார் தொழிலதிபர்கள் சங்கம் ஒன்று அவனிடம் ஓர் அறிக்கை கேட்டிருந்தது. ஹௌரா பக்கம் திருப்பூரைப் போல ஆயத்த ஆடைத் தொழிலை உண்டாக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

"எங்ககிட்ட புள்ளிவிவரம் நிறைய இருக்கு. தமிழ்நாட்டுக்காரர்தான் இல்ல" என்றான் சுஜித்.

"நான் நூல் மில்லுங்க. திருப்பூர் துணி. ரெண்டும் வேற."

"நூலிலிருந்துதானே துணி வருது?"

அடுத்த வாரம் அலிப்பூர் அலுவலகத்தில் அவனுக்கு மேஜையும் நாற்காலியும் கிடைத்தன. மில்லில் வாங்கியதைவிடச் சம்பளம் அதிகம். 'முதன்மை ஆலோசகர், தென்மாநில வளர்ச்சி மாதிரிகள்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார்கள். சத்யப்ரியா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாதிரின்னா எந்த மாதிரி? மாடலா, இல்ல 'ஆளு ஒரு மாதிரி'ன்னு சொல்லுவாகளே, அதுவா?"

திருப்பூருக்கு அவன் வாழ்க்கையில் இரண்டு முறை போயிருந்தான். ஒன்று கல்யாணத்துக்கு. இன்னொன்று பஸ் மாறுவதற்கு.

முதல் இரண்டு வாரம் சுஜித் கொடுத்த புள்ளிவிவரங்களைப் படித்தான். ஏற்றுமதி எவ்வளவு, மெஷின் எத்தனை என்றெல்லாம் இருந்தன. ஒரு பனியன் எப்படித் தைக்கப்படுகிறது என்பது மட்டும் எதிலும் இல்லை. மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் காளிகாட் மெட்ரோவில் இறங்கி, போனில் மனைவியிடம் பேசிக்கொண்டே நடந்தான்.

"இங்க எந்தக் கடையிலயும் கருவேப்பில இல்ல சத்யா. மூணு கடை பாத்துட்டேன்."

நகைக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்தார். நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும்.

"கருவேப்பலைங்களா? லேக் மார்க்கெட்டுக்குப் போனீங்கன்னா கெடைக்குமுங்ணா. இங்கெல்லாம் கெடைக்காதுங்க."

மாரியப்பன் போனை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றான். கொங்குத் தமிழ், அதுவும் சுத்தமான கொங்குத் தமிழ்.

"அண்ணாச்சி, நீங்க கோயமுத்தூர் பக்கமா?"

"திருப்பூருங்ணா. பதினோரு வருசம்." பிறகு கொஞ்சம் தயங்கிச் சேர்த்துக்கொண்டார். "பொறந்தது டோம்கல்லுங்க. முர்ஷிதாபாத் ஜில்லா. பேரு முகமது இஸ்மாயில்."

இஸ்மாயில் முப்பது வயதில் திருப்பூருக்கு ரயிலேறியவர். பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் வேலையில் ஆரம்பித்து, டெய்லராகி, கடைசி நான்கு வருடம் நாற்பது மெஷினுக்கு லைன் சூப்பர்வைசராக இருந்தார். அம்மா படுத்த படுக்கையானதும் ஊருக்குத் திரும்பினார். அம்மா காலமான பிறகு, இரண்டு பெண் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டதால் இனிச் சொந்த மாநிலத்திலேயே இருந்துவிடலாம் என்று கொல்கத்தாவில் வேலை தேடினார். தையல் கூடங்களில் கேட்டார். சின்னச் சின்னக் கூடங்கள். பீஸ் கணக்கில் தைக்க ஆள் வேண்டும் என்றார்கள், சூப்பர்வைசர் என்று ஒரு வேலையே அங்கே இல்லை. நகைக்கடைக்குக் காவலாளி தேவைப்பட்டது.

"இங்க எனக்குத் தெரிஞ்ச வேலை இல்லீங்ணா. இருக்கற வேலைக்கு ஒண்ணுமே தெரிய வேண்டியதில்லீங்க" என்று அவர் ஸ்டூலைக் காட்டினார்.

அன்றிலிருந்து மாரியப்பன் வாரத்தில் நான்கு நாள் அலுவலகத்திலிருந்து நேராகக் காளிகாட் போனான். இஸ்மாயிலின் ஷிப்ட் ஏழு மணிக்கு முடியும். பக்கத்துச் சந்தில் டீக்கடை பெஞ்சில் இரண்டு பேரும் உட்காருவார்கள். மாரியப்பன் கேட்பான், இஸ்மாயில் சொல்லுவார்.

"அங்க என்ன விசேசம்னா, எல்லாம் மூணு கிலோமீட்டருக்குள்ள இருக்குமுங்க. சாயப்பட்டறை, பட்டன் கடை, ஜிப் கடை, அட்டைப்பொட்டி எல்லாம். ஓவர்லாக் மெஷின் நின்னுபோச்சுன்னா போன் போட்டாப் போதும், டீ ஆறுறதுக்குள்ள மெக்கானிக் வந்துருவாரு. நாளைக்கு ஷிப்மென்ட், இன்னிக்கு நூல் தீந்துபோச்சுன்னாக் கூடப் பயமில்லீங்க. பக்கத்துக் கம்பெனிக்காரர்கிட்டக் கடன் வாங்கிக்கலாம்."

"போட்டிக் கம்பெனிக்காரர் குடுப்பாரா?"

"குடுப்பாருங்க. அடுத்த வாரம் அவருக்குத் தீருமல்ல?"

முதலாளி காலை எட்டு மணிக்கே லைனுக்கு வந்து நிற்பார், அவரே ஒரு காலத்தில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர், தையலைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தே யார் தைத்தது என்று சொல்லிவிடுவார் என்றெல்லாம் இஸ்மாயில் சொன்னார். கஷ்டங்களையும் மறைக்கவில்லை. ஒரே அறையில் ஒன்பது பேர் படுத்ததையும், ஷிப்மென்ட் நாளில் பதினாறு மணி நேரம் நின்றதையும் சொன்னார். மாரியப்பன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். மில்லில் மெஷின் சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்லிவிடுபவன் அவன். இவர் பேச்சிலும் அப்படி ஒரு துல்லியம் இருப்பது அவனுக்குப் புரிந்தது.

அறிக்கை அறுபது பக்கம் வந்தது. சுஜித் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். "மாரி-தா, நீங்க நூல் மில்லுன்னு சொன்னதை நான் அப்பவே நம்பல."

"இது பூரா ஒருத்தர் சொன்னது. அவர் பேரைப் போடணும்."

"தொழிலாளர் பேரைப் போடற வழக்கமில்ல. 'களத் தகவல்'னு போடலாம்."

மாரியப்பன் இரண்டு நாள் வாதாடினான். கடைசியில் சுஜித்துக்கே ஒரு யோசனை வந்தது. தொழிலதிபர்களுக்கு முன்னால் அறிக்கையை வாசிக்கும் அன்று அந்த ஆளையும் கூட்டி வரலாம், திருப்பூரிலிருந்து நேராக ஒரு சூப்பர்வைசர் வந்து பேசினால் கூட்டம் களைகட்டும் என்றான். இஸ்மாயில் ஒருநாள் விடுப்புப் போட்டு, மாரியப்பனின் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். தோளில் கொஞ்சம் பிடித்தது.

கூட்டம் அலிப்பூரில் ஓர் ஓட்டல் அரங்கில் நடந்தது. ஐம்பது தொழிலதிபர்கள் இருந்தார்கள். மாரியப்பன் பேசி முடித்து, "திருப்பூரில் பதினோரு வருடம் அனுபவம் உள்ள சூப்பர்வைசர், திரு. முகமது இஸ்மாயில்" என்று அறிமுகப்படுத்தினான். இஸ்மாயில் ஹிந்தியில் பேசினார். பட்டன் கடையிலிருந்து அட்டைப்பெட்டி வரை அவர் சொல்லச் சொல்ல, கைபேசி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். புதிதாகத் தொழிற்சாலை தொடங்கினால் முதல் மூன்று மாதம் ஆர்டர் எடுக்காதீர்கள், ஆள்களுக்குக் கை பழகட்டும், பழகாத கையில் ஏற்றுமதித் துணியைக் கொடுத்தால் பாதி திரும்பி வரும் என்றார். ஒரு பெண் தொழிலதிபர் பக்கத்திலிருந்தவரிடம், "பாருங்க, எவ்வளவு நடைமுறை அறிவு. இதுதான் தமிழ்நாடு" என்றார்.

சங்கத் தலைவர் எழுந்தார். வெள்ளை முடி, தங்கக் கண்ணாடி. குரலில் உண்மையான மரியாதை இருந்தது.

"இஸ்மாயில் சாஹேப், உங்களைப் போன்ற திறமைசாலிகளை வங்காளத்துக்கு வரவழைக்க நாங்க என்ன செய்யணும்? வெளிப்படையாச் சொல்லுங்க."

இஸ்மாயில் ஒருமுறை மாரியப்பனைப் பார்த்தார். பிறகு வங்காளி மொழியில் சொன்னார். "நான் வந்துதான் இருக்கேன் ஸார். ஒன்றரை வருஷமாக் காளிகாட்லதான் இருக்கேன். என் வீடு டோம்கல்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ நீ வங்காளியா?"

வங்காளியிலும் 'நீங்க' உண்டு, 'நீ' உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அவர் இறங்கியதை மாரியப்பன்கூடக் கவனித்தான். அவனுக்கு வங்காளி அவ்வளவாகத் தெரியாது.

"ஆமா ஸார்."

"அங்க கூலி வேலைக்குப் போயிருந்தே."

"சூப்பர்வைசரா இருந்தேன் ஸார்."

"அதான், அதான்." தலைவர் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்தார். பேனாவை அதன்மேல் வைத்துவிட்டு மாரியப்பன் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் மாரியப்பன், இவன் சொன்னது எவ்வளவு தூரம் சரின்னு ஒரு தமிழ்நாட்டுக்காரரா நீங்க சொல்லணும்."

எனக்கு இதில் எதுவும் நேரடியாகத் தெரியாது என்று சொல்ல மாரியப்பன் வாயெடுத்தான். மேஜைக்கு அடியில் சுஜித் அவன் காலை மிதித்தான். மாரியப்பன் எழுந்து, இஸ்மாயில் சொன்னதையெல்லாம் அதே வரிசையில் திரும்பச் சொன்னான். மூன்று கிலோமீட்டர், பட்டன் கடை, மெக்கானிக், முதல் மூன்று மாதம். ஐம்பது பேரும் மறுபடி பேனாவை எடுத்தார்கள். சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டபடி இஸ்மாயில் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது மாரியப்பனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. நான் கூட்டிட்டே வந்திருக்கக் கூடாது."

"அட, விடுங்ணா." இஸ்மாயில் சிரித்தார். "திருப்பூர்ல பதினோரு வருசமும் என்னைய பெங்காலின்னுதான் கூப்புட்டாங்க. இங்கதான் அரை மணி நேரம் தமிழ்க்காரனா இருந்தேன். நல்லாத்தான இருந்துச்சு."

ஆனால் அடுத்த மாதமே அவர் போய்விட்டார். பழைய முதலாளி போன் செய்து, இன்னும் பெரிய லைன் தருகிறேன், திரும்பி வா என்றாராம். ரயிலேற்றிவிட மாரியப்பன் ஹௌரா போனான். இஸ்மாயிலின் மூத்த பெண் டோம்கல்லிலிருந்து வந்திருந்தாள், பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பவள். ரயில் நகர்ந்த பிறகும் அவள் பிளாட்பாரத்தை விட்டு அசையவில்லை. அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மாரியப்பனுக்கு அறிக்கையின் கடைசிப் பக்கம் நினைவுக்கு வந்தது. திறமையான தொழிலாளர்களை மாநிலத்திலேயே தக்கவைத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் அவனே எழுதியிருந்தான்.

தொழிலதிபர்கள் சங்கம் வெறும் பேச்சோடு நிற்கவில்லை. ஹௌராவுக்கு அப்பால் பழைய கிடங்கு ஒன்றைப் பிடித்து இருநூறு மெஷின் போட்டார்கள். தலைவர் மாரியப்பனையே மேனேஜராக அழைத்தார். அவன் மறுத்துவிட்டான். எனக்குத் தெரிந்தது மெஷின்தான், தையல் தெரியாது, தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று இஸ்மாயிலின் பெயரை மூன்று முறை எழுதிக் கொடுத்தான். மூன்று முறையும் ஒரே பதில்தான் வந்தது. முர்ஷிதாபாத்காரரை மேனேஜராகப் போட்டால் முதலீட்டாளர்களுக்கு நம்பிக்கை வராது. தமிழ்நாட்டு அணி ஒன்றை முறைப்படி வரவழைக்கப் போகிறோம். நீங்கள் மெயின்டனன்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாரியப்பன் விசிட்டிங் கார்டுகளை மேஜையிலேயே விட்டுவிட்டு அந்த வேலையை ஒப்புக்கொண்டான். முதல் நாள் கிரீஸ் படிந்த கையோடு வீட்டுக்கு வந்தான்.

"இப்பதான் நம்ம வீட்டு ஆளு மாதிரி இருக்கீக" என்றாள் சத்யப்ரியா. "சோப்பு அங்க இருக்கு. துண்டத் தொடாதீக."

தமிழ்நாட்டு அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் திருப்பூரிலிருந்த ஓர் ஏஜென்ட்டிடம் கொடுத்தார்கள். ஐந்து பேர் விமானத்தில் வந்தார்கள். வரவேற்க மாரியப்பனை அனுப்பினார்கள், மொழி தெரிந்தவன் என்பதால். கம்பெனி பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு அவன் விமான நிலைய வாசலில் நின்றான். முதலில் நான்கு பேர் வந்தார்கள். ஐந்தாவதாகப் புது பேன்ட் சட்டையோடு, சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு முகமது இஸ்மாயில் வந்தார்.

இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்கள். மற்ற நான்கு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"கல்கத்தாவுல வேலை, போறியான்னு ஏஜென்ட் கேட்டாருங்ணா. போறேன்னேன். எந்த ஊர்க்காரன்னு அவரு கேக்கல, நானும் சொல்லல. ஃபாரத்துல திருப்பூர் அட்ரஸ்தான இருக்குது?"

சம்பளம் போக, வெளிமாநிலத்துக்கு வந்து வேலை செய்யும் சிரமத்துக்காக அவருக்குத் தனிப் படியும் உண்டு. வங்காளச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால் தென்னிந்தியச் சமையல்காரர் ஒருவரையும் அமர்த்தியிருந்தார்கள். தலைவருக்கு முகமோ பெயரோ நினைவிருக்குமோ என்று மாரியப்பன் பயந்தான். தலைவர் இஸ்மாயிலின் கையைப் பிடித்துக் குலுக்கி, "வங்காளத்துக்கு நல்வரவு" என்று இங்கிலீஷில் சொன்னார். இஸ்மாயில் தமிழில் நன்றி சொன்னார். அவர் மறுபடி 'நீங்கள்' ஆகியிருந்தார்.

மூன்று மாதத்துக்கு ஆர்டர் எடுக்க வேண்டாம் என்று இஸ்மாயில் இந்த முறையும் சொன்னார். இந்த முறை கேட்டார்கள். உள்ளூர்ப் பெண்கள் நூற்று எண்பது பேருக்கு அவர் வங்காளியிலேயே சொல்லிக் கொடுத்ததால் கை சீக்கிரம் பழகியது. நான்காவது மாதத்தில் முதல் ஆர்டர் போனது, ஒரு பீஸ்கூடத் திரும்பி வரவில்லை. 'தமிழ்நாட்டுப் பயிற்சி முறை' என்று சங்கத்தின் ஆண்டு மலரில் அதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது.

பார்வையாளர்கள் வர ஆரம்பித்தார்கள். அப்போது நிர்வாகத்திலிருந்து இஸ்மாயிலுக்கு ஓர் உத்தரவு வந்தது. விருந்தினர் வரும் நாளில் தமிழிலேயே பேச வேண்டும், மாரியப்பன் மொழிபெயர்க்க வேண்டும்.

"தமிழ்ல திட்டலாமுங்களா?" என்று இஸ்மாயில் மாரியப்பனிடம் மட்டும் கேட்டார்.

ஒரு சனிக்கிழமை லாஹிரி தன் முப்பது பேரோடு வந்தார். இஸ்மாயில் லைனில் நடந்து மூன்றாவது மெஷினுக்கு முன்னால் நின்றார்.

"இந்தத் தையல்ல நூலு லூசா இருக்குது பாரும்மா. காலர் சுருங்குமல்ல?"

தினமும் அவரிடம் வங்காளியில் பேச்சு வாங்கும் அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு மாரியப்பனைப் பார்த்தாள். மாரியப்பனின் வங்காளி மீன் மார்க்கெட்டில் கற்றது. நூல் அழுகிப்போய்விட்டது என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னான். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. இஸ்மாயிலால் தாங்க முடியவில்லை. எப்படிச் சொல்ல வேண்டும் என்று சுத்தமான முர்ஷிதாபாத் வங்காளியில் திருத்திவிட்டார்.

குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று மாரியப்பன் நினைத்தான். ஆனால் லாஹிரியின் கண்கள் பனித்தன. அவர் தன் ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா? வந்து ஆறு மாசம்கூட ஆகல. எவ்வளவு அழகா நம்ம மொழியைக் கத்துக்கிட்டிருக்கார்! நம்ம பையன்கள் அங்க வருஷக்கணக்கா இருக்காங்களே, ஒரு வார்த்தை தமிழ் கத்துக்கறாங்களா?" பிறகு மாரியப்பனைக் கொஞ்சம் வருத்தத்தோடு பார்த்தார். "நீங்களும்தான் ரெண்டு வருஷமா இங்க இருக்கீங்க."

இஸ்மாயில் குனிந்து, இல்லாத நூலை மெஷினிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது.

வருடத்துக்கு இரண்டு முறை ஊர் விடுப்பும் குடும்பத்துக்கு ரயில் டிக்கெட்டும் ஒப்பந்தத்தில் இருந்தன. டோம்கல்லுக்கு இஸ்மாயில் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் செலவில் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார். அந்த டிக்கெட்டை டோம்கல்லுக்கு மாற்றித் தர முடியுமா என்று ஒருமுறை நைசாகக் கேட்டுப் பார்த்தார். சொந்த மாநிலத்துக்கு மட்டும்தான் தர முடியும் என்று அலுவலகத்தில் விதியைக் காட்டினார்கள். சரி என்று மனைவியையும் இரண்டு பெண்களையும் டோம்கல்லிலிருந்து வரவழைத்தார்.

"எங்க வேலை பாத்தேன்னு இவிங்க பாத்ததே இல்லீங்ணா. காட்டிட்டு வாரேன்."

ஹௌரா பிளாட்பாரத்தில் நான்கு பேரும் பெட்டிகளோடு நின்றார்கள். வண்டி வந்து நின்றதும் மூத்த பெண் முதலில் ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்துவிட்டாள். மாரியப்பனும் சத்யப்ரியாவும் வழியனுப்ப வந்திருந்தார்கள். இரண்டு வருடமாக அவர்கள் ஊர்ப் பக்கம் போகவில்லை, போக விடுப்பு அமையவில்லை.

"தமிழ்நாட்டுல இருந்து என்னங்ணா வாங்கிட்டு வரட்டும்?" என்று இஸ்மாயில் கேட்டார்.

சத்யப்ரியாதான் முந்திக்கொண்டாள்.

"கடலமுட்டாய் வாங்கிட்டு வாங்க அண்ணாச்சி. ஆனா கோவில்பட்டிதான்னு கேட்டு வாங்கணும். வேற ஊருதத் தலையில கட்டிருவாக."

"பாத்து வாங்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு இஸ்மாயில் வண்டியில் ஏறினார்.